தலைவர் சொல்லாத வரி

எங்கள் பக்கத்தில் நான்கைந்து ஊர்களில், மறைந்த ஒரு பெரிய தலைவர் சொன்னதாக ஒரு வரி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. வாட்ஸப்பில் காலை வணக்கத்தோடு வருகிறது. ஒரு டீக்கடைச் சுவரில்கூடப் பார்த்தேன். அந்த வரியை அந்தத் தலைவர் சொல்லவே இல்லை. மேடையில் சொன்னவன் நான். எழுதியவன் நானும் அல்ல, ஒரு பத்திர ரைட்டர். இதை இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததற்கு அடக்கம் காரணமில்லை, பயம்தான் காரணம்.

நான் ஓசூர் தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் மெயின்டெனன்ஸ் சூப்பர்வைசர். மிஷின் நின்றுவிட்டால் என்னைக் கூப்பிடுவார்கள். நான் போய் நின்று, எனக்குக் கீழே வேலை செய்யும் ஆளைக் கூப்பிடுவேன். என் உண்மையான திறமை வேறு. யாராவது ரிடையர் ஆனால் பேசுவது. பதினைந்து வருடமாக ஒரே பேச்சைத்தான் பேசி வருகிறேன், பெயரை மட்டும் மாற்றிக்கொள்வேன். ஒருமுறை பெயரை மாற்ற மறந்து, போன வருடம் ரிடையர் ஆனவரை மறுபடியும் வழியனுப்பி வைத்தேன். அப்போதும் கைதட்டினார்கள். கைதட்டலைப் பற்றி அன்றைக்கே நான் ஏதாவது கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

தலைவர் இறந்த செய்தி வந்த அன்று கேன்டீனில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் அவரைப் பற்றித்தான் பேச்சு. அவர் போட்ட சட்டத்தால்தான் இந்த ஊருக்குக் கம்பெனியே வந்தது என்றார் ஒருவர். கம்பெனி வந்ததால்தான் ராகி விளைந்த எங்கள் கொல்லை போனது என்றார் பக்கத்தில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவர். திருநெல்வேலியிலிருந்து வந்து வேலை செய்யும் ஒரு ஆபரேட்டர், அவர் மட்டும் இல்லையென்றால் நான் இந்தக் குளிரில் வந்து கிடந்திருக்க மாட்டேன் என்றார். அது பாராட்டா புகாரா என்று கடைசிவரை தெரியவில்லை. எது எப்படியோ, ஒவ்வொருவரும் தங்கள் வாழ்க்கையில் நடந்த ஏதோ ஒன்றுக்கு அவரைக் காரணமாக்கினார்கள். நானும் எதையாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்கு எதுவும் தோன்றவில்லை, மோரை வாங்கிக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து மத்தூரிலிருந்து போன் வந்தது. என்னோடு பள்ளியில் படித்தவன், அங்கே உரக்கடை வைத்திருக்கிறான். கடைக்காரர்களெல்லாம் சேர்ந்து தலைவருக்குப் படத்திறப்பு வைக்கிறார்களாம், நான் வந்து பேச வேண்டுமாம். சொந்த ஊர்க் கூட்டம். ரிடையர் ஆகிறவரின் மனைவி அழுதுகொண்டிருக்கும் முன்வரிசையை மட்டுமே பார்த்துப் பேசிய எனக்கு, கடைத்தெருவில், குழாய் ஸ்பீக்கரில்! என்ன தலைப்பு என்று கேட்டேன்.

தலைப்புகளெல்லாம் போய்விட்டனவாம். தொழில் வளர்ச்சியை மண்டிக்காரர் எடுத்துக்கொண்டார். ரோடு, பாலமெல்லாம் ஒரு கான்ட்ராக்டருக்கு. கல்வி ஹெட்மாஸ்டருக்கு. மிச்சம் இருந்தது ஒன்றுதான்: மகனைப் போலவே மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்று அவர் நாடு முழுவதற்கும் சட்டம் திருத்தியது.

“அத யாருமே எடுக்கலடா,” என்றான். “உனக்குன்னே விட்டு வெச்ச மாதிரி கெடக்குது.”

ஏன் யாரும் எடுக்கவில்லை என்று நான் யோசிக்கவில்லை. அந்த நிகழ்ச்சிக் குழுவில் இருந்த அத்தனை பேருக்கும் அக்கா தங்கைகள் இருந்தார்கள். அத்தனை பேரும் எப்போதோ அவர்களிடம் கையெழுத்து வாங்கி முடித்திருந்தார்கள். நான் மட்டும்தான் இன்னும் வாங்கவில்லை. வருகிற வியாழக்கிழமை வாங்குவதாக இருந்தேன்.

இந்த இடத்தில் எங்கள் நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மத்தூருக்குப் பக்கத்தில் அப்பா விட்டுப்போன பூர்வீக நிலம். ஒரு பாதியில் கிணறும் மாமரங்களும். மறுபாதி மேட்டுப் பக்கம், பாதிக்கு மேல் பாறை. வாரிசு நானும் என் அக்காவும் மட்டும். அக்காவைப் பக்கத்து ஊரிலேயே கட்டிக் கொடுத்திருந்தது. அவள் வீட்டுக்காரரின் காட்டில் போர்வெல் வற்றி வருஷக்கணக்காகிறது. அதனால் அப்பா படுக்கையில் விழுந்த நாளிலிருந்து எங்கள் நிலத்தை அவள்தான் ஓட்டுகிறாள். நிலக்கடலை, கீரை, ஆடுகளுக்குத் தீவனம், எல்லாம் அந்தக் கிணற்றுத் தண்ணீரில். நான் மாம்பழ சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் போவேன். டிக்கி நிறைய ஏற்றிக்கொண்டு, மண் வாசனை என்று ஒரு போட்டோ போட்டுவிட்டுத் திரும்புவேன்.

எனக்கு ஓசூர் வீட்டுக்கு மேலே மாடி கட்ட வேண்டும். அதற்கு நிலத்தை விற்க வேண்டும். விற்க வேண்டுமென்றால் பட்டா என் ஒருவன் பெயரில் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. பெண் தன் பங்கைத் தம்பிக்கோ அண்ணனுக்கோ விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடுவாள். பதிலுக்கு ஒரு புடவை, பொங்கல் வரிசை, பிறந்த வீட்டில் எப்போது வந்தாலும் சோறு. கேட்காமல் போட்டால் நல்ல பெண். பங்கு கேட்டால் அவளுக்குப் பிறந்த வீடு இல்லை. இந்தக் கையெழுத்து விழும் காகிதத்தின் பெயர் விடுதலைப் பத்திரம். யாருக்கு எதிலிருந்து விடுதலை என்று யாரும் கேட்பதில்லை.

அக்காவிடம் நான் கேட்டபோது அவள் சரி என்றாள். உடனே சொல்லவில்லை. மாட்டைப் பிடித்துக் கட்டிவிட்டு வந்து, விற்கத்தான் போறியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கடலை பிடுங்கறவரைக்கும் பொறுப்பியா என்றாள். பொறுப்பேன் என்றேன், பெரிய மனது பண்ணி. அப்புறம் இருவரும் பத்திர ரைட்டரிடம் போனோம். வீட்டில் தெலுங்கு, வாசலில் தமிழ், அதிகாரி வந்தால் இரண்டும் கலந்த பணிவு என்று பேசுகிற மனிதர் அவர். நகலை வாசித்துக் காட்டினார். அக்கா கடைசிப் பாராவை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். சரி, எழுதுங்க என்றாள். நகலை நான் மடித்து வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

ஆகவே, ஞாயிற்றுக்கிழமை பெண்களுக்குச் சமபங்கு என்று பேசிவிட்டு, வியாழக்கிழமை என் அக்காவின் பங்கை எழுதி வாங்கப் போகிறவன் நான். இது எனக்கு அப்போது உறுத்தவே இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். சத்தியமாக உறுத்தவில்லை. அது பேச்சு, இது குடும்பம். என் மனைவிக்கு உறுத்தியது. “தலைப்பு மாத்திக் கேளுங்களேன்,” என்றாள். அவளுக்கு மேடை அனுபவம் போதாது என்று நினைத்துக்கொண்டேன்.

அதைவிட மோசமான காரியம் ஒன்று செய்தேன். அக்காவையும் கூட்டத்துக்கு வரச் சொன்னேன். தம்பி மைக்கில் பேசுவதைப் பார்த்தால் பெருமையாக இருக்கும், பெருமையாக இருந்தால் வியாழக்கிழமை கையெழுத்து சுமுகமாக விழும் என்பது கணக்கு.

பேச்சுக்குக் குறிப்பெழுத உட்கார்ந்தேன். எங்கள் கம்பெனியில் ஒரு விதி, ஒருபக்கம் அச்சடித்த தாளை வீணாக்கக் கூடாது, பின்பக்கத்தில் எழுத வேண்டும். பயிற்சி வகுப்பில் இதை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவனே நான்தான். கைக்குக் கிடைத்த தாள்களின் பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதினேன். கொட்டை எழுத்து எதற்கென்றால், மேடையில் நான் கண்ணாடி போடுவதில்லை. கண்ணாடி போட்டால் வயது தெரியும். ஐம்பத்தி நாலு வயது ஆளைப் பார்த்து மத்தூர் கடைத்தெரு என்ன கிறங்கிவிடப் போகிறதோ, தெரியவில்லை.

கூட்டம் சாயங்காலம். எனக்கு முன்னால் மூன்று பேர் பேசியிருந்தார்கள். கான்ட்ராக்டர் எல்லாப் பாலத்தையும் சொல்லி முடித்தபோது ஜனம் பாதி எழுந்து போய்விட்டது. அக்கா மூன்றாவது வரிசையில், பக்கத்து வீட்டுப் பெண்ணோடு, மடியில் ஒரு முருங்கைக்காய்க் கட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் எழுந்தேன். என்னைப் பற்றி எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் இதைச் சொல்லியாக வேண்டும்: நன்றாகப் பேசினேன். பொட்டப்பிள்ளைக்கு எதுக்குப் பங்கு என்று கேட்ட நாட்டில், அவளும் இந்த மண்ணில்தானே பிறந்தாள் என்று கேட்ட ஒரே மனிதர் என்றேன். வரப்பில் நடந்து நடந்து காலில் வெடிப்பு விழுந்தது அவளுக்கு, வரி ரசீதில் பெயர் விழுந்தது அவனுக்கு என்றேன். முன்வரிசையில் ஒரு பெண்மணி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். எழுந்து போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். உச்சத்துக்கு வந்தேன். “அந்தத் தலைவர் நம்மை விட்டுப் போகும்போது என்ன சொல்லிவிட்டுப் போனார்?” என்று கேட்டு நிறுத்தி, கையிலிருந்த கடைசித் தாளை உயர்த்தினேன்.

மேடையில் ஒரு பெடஸ்டல் ஃபேன் சுழன்றுகொண்டிருந்தது. தாள் புரண்டது. நான் கவனிக்கவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தெரிந்ததைப் படித்தேன்.

“எவ்வித நிர்ப்பந்தமும், எவருடைய தூண்டுதலும் இன்றி, நல்ல நினைவுடனும் முழு மனதுடனும்...”

கைதட்டல். அதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. என் எழுத்து இவ்வளவு அழகாக இருக்காது. ஆனால் ஓடுகிற வண்டியிலிருந்து எப்படி இறங்குவது? ஆயிரம் ரிடையர்மென்ட் கூட்டம் கண்டவன் நான், பேச்சை நடுவில் நிறுத்தினால் செத்துப்போவோம் என்று நம்புகிற ஜாதி. அடுத்த வரிக்குப் போனேன்.

“இனி எனக்கோ என் வாரிசுகளுக்கோ இதில் எவ்வித உரிமையும் பின்தொடர்ச்சியும் இல்லை.”

அதிர்ந்தது கடைத்தெரு. ஒரு தலைவர், வாரிசுக்கு உரிமை இல்லை என்று சொல்கிறார். நம் ஊரில், நம் காலத்தில். விசில் அடித்தார்கள். ஹெட்மாஸ்டர் எழுந்து நின்றே தட்டினார்.

“தாங்களே சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது,” என்று முடித்தேன். அடுத்த வரி ‘கிழக்கே ஓடை, மேற்கே வண்டிப்பாதை’ என்று ஆரம்பித்ததால் அங்கே நிறுத்திக்கொண்டேன். நாட்டைக் கொடுத்த தலைவருக்கு ஓடையும் வண்டிப்பாதையும் எல்லையாக இருந்தால் நன்றாக இருக்காது.

கூட்டம் முடிந்து அக்காவைப் பஸ் ஏற்றிவிடப் போனேன்.

“நல்லா பேசினடா,” என்றாள். பிறகு முருங்கைக்காயை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, “அந்தக் கடைசில படிச்சது மட்டும் எங்கயோ கேட்டாப்ல இருந்துச்சு,” என்றாள்.

“டிவில கேட்டுருப்பக்கா. தலைவர் பேச்சுதான?”

“இருக்கும்,” என்றாள்.

பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள். ஜன்னலிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாளா, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினாளா என்று ஓசூர் வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன். வெயில் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

திங்கட்கிழமை உரக்கடை நண்பன் ஒரு படம் அனுப்பினான். கடைத்தெரு முனையில் ஃப்ளெக்ஸ். தலைவர் கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறார். அவர் தலைக்கு மேலே ரோஜா வண்ணத்தில்: ‘எனக்கோ என் வாரிசுகளுக்கோ எவ்வித உரிமையும் பின்தொடர்ச்சியும் இல்லை.’ கீழே கடைக்காரர்களின் படங்கள். எந்த வருஷம் எந்த ஊரில் சொன்னாருன்னு ஹெட்மாஸ்டர் கேக்கறாரு, நோட்டுல எழுதி வெக்கணுமாம் என்று கேட்டிருந்தான். நான் பதில் போடவில்லை. செவ்வாய்க்கிழமை அந்த வரி எங்கள் கம்பெனி குரூப்புக்கே வந்து சேர்ந்தது, அனுப்பியவர் அத்திப்பள்ளியிலிருந்து வரும் கன்னடக்காரர். அதற்கு நாற்பது பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். நானும் ஒரு கும்பிடு போட்டேன். போடாவிட்டால் சந்தேகம் வரும்.

வியாழக்கிழமை பத்திர ஆபீஸ் வாசலில் கூட்டம். அக்கா எனக்கு முன்பே வந்திருந்தாள். வீட்டுக்காரரை அழைத்து வரவில்லை, மூக்குக்கண்ணாடியை எடுத்து வந்திருந்தாள். ரைட்டர் டைப் செய்த பத்திரத்தை நீட்டி, கையெழுத்துப் போடும் இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுத்தார். அக்கா அதைத் தொடவில்லை. “இன்னொரு தடவ படிங்க சார். சத்தமா,” என்றாள்.

அவர் படித்தார். கடைசிப் பாரா வந்தது. எனக்கோ என் வாரிசுகளுக்கோ என்று அவர் தொடங்கியதும், பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் நிமிர்ந்தார்.

“என்னாங்க ரைட்டரு, தலைவரு வசனத்தக் கொண்டாந்து பத்திரத்துல போட்டுக்கிறீங்க?”

ரைட்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. முப்பது வருடமாக இந்த வாசகத்தைத் தான் எழுதுவதாகவும், தன் அப்பாவும் இதையேதான் எழுதியதாகவும், எந்தத் தலைவரும் தன்னிடம் கேட்டு வாங்கிப் போனதில்லை என்றும் சொன்னார். பெரியவர் போனில் ஃப்ளெக்ஸ் படத்தை எடுத்துக் காட்டினார். ரைட்டர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மகளுக்குப் பங்கு என்று நம் மாநிலத்தில் அவருக்கு முன்னாலேயே சட்டம் வந்தாயிற்று, அதற்கு முன்பே கட்டிக் கொடுத்த பெண்களையும் சேர்த்ததுதான் அவர், அதைக்கூடத் தப்பாகத்தான் பேசியிருக்கிறீர்கள் என்று மெல்லிய குரலில், சுத்தத் தமிழில் சொன்னார். அதிகாரி இல்லாதபோதும் அவர் பணிவாகப் பேசியது அன்றைக்குத்தான். எனக்குச் சட்டமும் தெரியாது, சட்டத்தைப் போட்டவரையும் தெரியாது. இரண்டையும் முக்கால் மணி நேரம் புகழ்ந்திருந்தேன்.

நான் ஏதாவது தமாஷ் சொல்லித் தப்பித்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அக்கா என்னை வாசல் வேப்பமரத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

“நீ அன்னிக்கு பேசுனதுல மொதப் பாதி உன்னுது. கடைசி பாதி என்னுது,” என்றாள். “என் பாதி நெசம்னா பேனாவக் குடு, போட்டுட்டுப் போறேன். காட்டுல ஆளு விட்டுட்டு வந்திருக்கேன். உன் பாதி நெசம்னா எனக்கு இங்க வேல இல்ல.”

“அக்கா, அது மேடைப் பேச்சுக்கா.”

“தெரியும்டா. கால்ல வெடிப்பு விழுந்தவள்னு சொன்னியே, அது யாரு? உன் பொண்டாட்டியா?”

மைக் இல்லாமல் எனக்குப் பேச வராது என்பதை அன்றுதான் கண்டுபிடித்தேன். அவள் காலைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், பார்த்துவிட்டேன். அந்த வரியை எழுதும்போது அது யாருடைய கால் என்று எனக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. கற்பனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“சட்டம் எனக்கு நாலு நாளாத்தான் தெரியும்னு நெனைக்காத,” என்றாள். “ஊர்ல எல்லாருக்கும் தெரியும். கேட்டா தம்பி இல்லாமப் போயிருவான்னுதான் கேக்கல. நீயே மைக்குல கூப்புட்டு சொல்லிட்ட. இப்ப நான் கேட்டா தப்பில்லையே?”

தப்பில்லை என்றேன். மொதப் பாதிதான் நெசம் என்றேன். அவ்வளவு சின்னக் குரலில் நான் பேசியதை நானே கேட்டதில்லை. அக்காவுக்கும் கேட்கவில்லை போல, இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

ரைட்டரிடம் திரும்பிப் போய், விடுதலை வேண்டாம், பாகப்பிரிவினை எழுதுங்கள் என்றோம். கிணற்றுப் பக்கம் அக்காவுக்கு, பாறைப் பக்கம் எனக்கு என்று அவளே சொன்னாள். சட்டப்படி சமமாகத்தானே பிரிக்க வேண்டும் என்று நான் முனகியதற்கு, அளவில் சமம்தான், பாறையும் நிலம்தான் என்று ரைட்டர் விளக்கினார். அவர் யார் பக்கம் என்று எனக்குப் புரிந்தது. பாறையை யாரும் வாங்க மாட்டார்கள். மாடி கட்டும் திட்டம் அன்று வேப்பமரத்தடியிலேயே இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து சொன்னபோது, மனைவி, மாடி இல்லாட்டி துணி காயப் போட எடம் நெறைய இருக்குது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

தலைவரைப் பற்றி இப்போது யாராவது கேட்டால் நான் அதிகம் பேசுவதில்லை. அவரை எனக்குத் தெரியாது. அவர் செய்ததில் ஒன்று பத்தொன்பது வருடமோ இருபது வருடமோ காகிதத்தில் கிடந்து, கடைசியில் என் வழியாக, நான் கவனிக்காமலேயே, எங்கள் நிலத்துக்கு வந்து சேர்ந்தது. அதில் எனக்கு எந்தப் பெருமையும் இல்லை. ஃபேனுக்கு வேண்டுமானால் கொஞ்சம் உண்டு.

அளக்கிற நாளில் சர்வேயர் வந்தார். டேப்பின் ஒரு நுனியை அக்கா பிடித்துக்கொண்டு மாமர வரிசையோரம் விறுவிறுவென்று நடந்தாள். மறுநுனி என்னிடம். என் பக்கம் முழுக்க வேலிக்காத்தான். செருப்பில் முள் ஏறியதால் கொஞ்சம் முன்னால் நகர்ந்து நின்றேன். முள்ளுக்காகத்தான் நகர்ந்தேன் என்று இன்றுவரை சொல்லி வருகிறேன்.

அந்தக் கோடியிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். “ஒரு அடி இந்தப் பக்கம் வந்துட்டடா. பின்னாடி போ.”

பின்னால் முள். போனேன்.